புக்தால் குகை மடாலயம்: நடந்துபோய்ப் படம் எடுக்க விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

புக்தால் எங்கே இருக்கிறது? அப்படி என்ன விசேஷம்?

லடாக்கின் ஜான்ஸ்கர் பகுதியில், தென்கிழக்கே ஒதுங்கிக் கிடக்கும் லுங்நாக் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,850 மீட்டர் உயரம். கீழே சாரப் ஆறு ஓடுகிறது. அதன் மேலே செங்குத்தான பாறைச் சுவர். அந்தச் சுவரில் இயற்கையாக அமைந்த ஒரு பெரிய குகை வாய். குகையிலிருந்து கீழ்நோக்கி, கல்லும் மண்ணும் மரமும் கொண்டு கட்டிய வெள்ளை அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொற்றி நிற்கின்றன. நம் வீட்டுச் சுவர் மூலையில் குளவி கட்டும் மண்கூட்டைப் பார்த்திருப்பீர்கள். மலையோடு இந்தக் கட்டடம் ஒட்டியிருக்கும் விதம் அப்படித்தான்.

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திபெத்திய பௌத்தத்தின் கெலுக் பிரிவைத் தோற்றுவித்த சோங்கபாவின் சீடர் ஜங்செம் ஷெரப் சங்போ இந்த மடாலயத்தை நிறுவினார். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே துறவிகள் தனிமை தேடி இந்தக் குகைக்கு வந்துபோனார்கள் என்பது மரபு. புத்தரின் சீடர்களான பதினாறு அர்கத்துகள் இங்கே தங்கியதாகவும் சொல்கிறார்கள். குகைக்குள் ஒரு நீர்ச்சுனை இருக்கிறது. குகைக்கு மேலே, வேறு மரமே இல்லாத பாறையில், ஒற்றை ஜூனிப்பர் மரம் நிற்கிறது. இரண்டையும் புனிதமாகப் போற்றுகிறார்கள்.

இது பழைய நினைவுச் சின்னம் அன்று, பிக்குகள் இன்றும் வாழும் வீடு. இந்தப் பக்கத்தில் உள்ள பதில்களில் பாதி அதை மனத்தில் வைத்துச் சொன்னவை.

சாலை வந்துவிட்டதாமே? இன்னும் நடக்கத்தான் வேண்டுமா?

கடைசிப் பகுதியை நடந்துதான் கடக்க வேண்டும். முன்பு ஜான்ஸ்கரின் முக்கிய ஊரான பதுமிலிருந்தோ, இமாச்சலப் பக்கத்துத் தார்ச்சாவிலிருந்தோ பல நாள் நடந்து வருவார்கள். நிம்மு, பதும், தார்ச்சா ஆகிய மூன்று ஊர்களை இணைக்கும் 298 கிலோமீட்டர் சாலையின் இணைப்பு 2024 மார்ச்சில் முடிந்தது. இப்போது புர்னே கிராமம் வரை வண்டியில் வந்துவிடலாம். அங்கிருந்து சாரப் ஆற்றை ஒட்டி சுமார் ஆறேழு கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் இரண்டரை மணி நேரம். சா என்ற இன்னொரு கிராமத்திலிருந்தும் பாதை உண்டு, அது சற்றுக் குறுகியது.

எனக்குப் பிடித்தது புர்னே வழிதான். ஆறு பக்கத்திலேயே வருகிறது. ஒரு வளைவைத் தாண்டினால் அடுத்த வளைவு, கோம்பா (மடாலயம்) கண்ணில் படவே படாது. கடைசியில் தொங்கு பாலத்தைக் கடந்து மேலேறும்போது அந்த உயரம் காலுக்கும் தெரியும், கண்ணுக்கும் தெரியும்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?

இரண்டு வழிகள். முதல் வழி, டெல்லி வழியாக லேவுக்கு விமானம், அங்கிருந்து கார்கில், ரங்தும், பென்சி லா கணவாய் வழியாகப் பதும், பிறகு புர்னே. லேயிலிருந்து கார்கிலுக்கு ஒரு முழுப் பகல், கார்கிலிலிருந்து பதுமுக்கு இன்னொரு முழுப் பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நிம்மு வழியாக ஜான்ஸ்கர் ஆற்றை ஒட்டியும் பதுமுக்கு வரலாம்.

இரண்டாவது, மணாலியிலிருந்து அடல் சுரங்கம் வழியாகத் தார்ச்சா, அங்கிருந்து ஷிங்கு லா கணவாயைத் தாண்டி லுங்நாக் பள்ளத்தாக்கில் இறங்குவது. தூரம் குறைவு. ஆனால் ஷிங்கு லா ஐயாயிரம் மீட்டரைத் தாண்டிய கணவாய். மணாலியோ இரண்டாயிரம் மீட்டர்தான். ஒன்றிரண்டு நாளில் இந்த ஏற்றத்தை உடல் பொறுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கணவாயைத் தாண்டியபின் இரவு தங்கும் முதல் கிராமங்களும் நாலாயிரம் மீட்டர் ஒட்டியே இருக்கின்றன.

ஆகவே உள்ளே போவது லே வழியாக, திரும்புவது ஷிங்கு லா வழியாக என்று திட்டமிடுங்கள். திரும்பும்போது உடல் பழகியிருக்கும், கணவாயின் அழகை ரசிக்கவும் முடியும். கணவாய்க்கு அடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கம் அமைக்கும் பணி 2024 ஜூலையில் தொடங்கியது. அது முடிந்தால் இந்தக் கணக்கு மாறும்.

வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியிருக்கிறேன். இது முடியாதா?

கால் வலிமையைப் பொறுத்தவரை தாராளமாக முடியும். வெள்ளியங்கிரியின் ஏற்றம் புக்தால் பாதையைவிடக் கடுமையானது என்றே சொல்வேன். இங்கே சோதனை காலுக்கு அல்ல, மூச்சுக்கு. 3,850 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபத்திரண்டு விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. ஜிம்முக்குப் போகும் இருபத்தைந்து வயது இளைஞர் படுத்துவிடுவார், அறுபது வயது அம்மா சுகமாக நடப்பார். உடற்பயிற்சி இதில் காப்பாற்றாது, பழகுவதற்குக் கொடுக்கும் நாட்கள்தான் காப்பாற்றும்.

லேயில் இறங்கியதும் குறைந்தது இரண்டு இரவு ஓய்வு. முதல் நாள் கடைத்தெருவுக்குக்கூடப் போக வேண்டாம். உடல் உயரத்துக்குப் பழக உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மது, தூக்க மாத்திரை இரண்டும் கூடாது.

மலைநோய் வந்துவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராமை ஆகியவை தொடக்க அறிகுறிகள். அதே இடத்தில் தங்கி ஓய்வெடுங்கள், மேலே ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் நுரையோடு வந்தால், நேராக நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால், அது உயிர் ஆபத்து. உடனே கீழே இறங்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், இங்கே கீழே இறங்குவது சுலபமில்லை. பதும் சற்றுத்தான் தாழ்வு. அங்கிருந்து வெளியேறும் வழிகளில் பென்சி லா 4,400 மீட்டர், ஷிங்கு லா அதைவிட உயரம். நிம்மு செல்லும் ஆற்றோரச் சாலை ஒன்றுதான் கணவாய் ஏறாமல் வெளியே கொண்டுபோகிறது. ஆகவே லேயிலோ கார்கிலிலோ இருக்கும்போதே உடம்பு சரியில்லை என்றால், அங்கேயே பயணத்தை ஒத்திவையுங்கள். கூட வந்தவர்களுக்காக மறைக்காதீர்கள். குழுவில் ஒருவர் மெதுவாக நடந்தால் அவர் வேகம்தான் குழுவின் வேகம்.

எந்த மாதம் சிறந்தது?

ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை போகலாம். என் பரிந்துரை செப்டம்பர். ஜூலையில் பனியாறுகள் உருகி வரும் நீரில் சேறு கலந்து ஆறு சாம்பல் நிறத்தில் ஓடும். செப்டம்பரில் அதே ஆறு தெளிந்து நீலப்பச்சையாகிவிடும். கிராமங்களில் பார்லி வயல்கள் பழுத்துப் பொன்னிறமாக நிற்கும், அறுவடை நடக்கும். ஜான்ஸ்கர் மழை மறைவுப் பகுதிதான், ஆனால் மணாலிப் பக்கச் சாலைகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மண்சரிவு உண்டு. செப்டம்பர் இரவுகள் நன்றாகவே குளிரும், அதற்குத் தகுந்த உடை வேண்டும்.

பாதை ஆபத்தானதா?

கயிறு கட்டி ஏறும் இடம் எதுவும் இல்லை. ஆனால் சில இடங்களில் பாதை ஓர் ஆள் அகலம்தான், ஒரு பக்கம் சரளைச் சரிவு, மறுபக்கம் நேரே ஆறு. மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

எதிரே சுமை ஏற்றிய கோவேறு கழுதைகள் வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள், ஆற்றுப்பக்கமாக ஒருபோதும் நிற்காதீர்கள். சுமை இருபுறமும் புடைத்துக்கொண்டு இருக்கும், விலங்குக்கு அது தெரியாது. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தால் அந்த நேரத்தில் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மேலே நீலச் செம்மறியாடுகள் மேய்ந்தால் கற்கள் உருளும். பிற்பகலில் காற்று பலக்கும்போதும் அப்படியே. சரிவுகளின் அடியில் நின்று படம் எடுக்க வேண்டாம், கடந்துவிட்டு எடுங்கள். மூன்றாவது, நடக்கும்போது கேமராத் திரையைப் பார்க்காதீர்கள். படம் பார்க்க வேண்டுமானால் நின்று பாருங்கள்.

இந்த ஆற்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2014 டிசம்பர் 31 அன்று புக்தாலுக்கு மேற்புறம் நிகழ்ந்த நிலச்சரிவு ஆற்றை அடைத்து ஏரியாக்கியது. 2015 மே 7 அன்று அந்த அடைப்பு உடைந்து, கீழே இருந்த பாலங்களை வெள்ளம் அடித்துச் சென்றது. நீங்கள் கடக்கும் பாலத்தை அந்த மக்கள் எவ்வளவு பாடுபட்டு மீட்டார்கள் என்பதை நினைத்துக்கொண்டு நடந்தால், அது வெறும் படப் பின்னணியாகத் தெரியாது.

ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாமா?

முடியும், பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள்.

காலை உணவு முடித்துப் புர்னேயிலிருந்து கிளம்பினால் பத்து, பத்தரைக்கு மேலே வருவீர்கள். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று இரண்டு மணிக்குக் கிளம்புவீர்கள். அதாவது, வெளிச்சம் மிகக் கடுமையாகவும் தட்டையாகவும் இருக்கும் நேரம் மட்டுமே உங்களுக்குக் கிடைக்கிறது. அந்த நேரத்தில்தான் மற்றப் பயணிகளும் வந்து நிறைந்திருப்பார்கள். பிக்குகளுக்கு நீங்கள் வந்து போகும் இன்னொரு முகம். அவர்களிடம் பேச நேரமில்லாததால் கேட்காமலே படம் எடுக்கத் தோன்றும்.

ஒரு இரவு தங்கினால் இவை எல்லாமே சரியாகின்றன. மடாலயத்தைச் சார்ந்த விருந்தினர் இல்லம் கீழே இருக்கிறது, எளிமையான அறைகள். பயணிகள் போனபின் மாலை நான்கு மணிக்கு மேல் அங்கே ஆற்றின் ஓசைதான் மிச்சம். தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்தால் யாராவது வந்து எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். மறுநாள் காலை நீங்கள் கேமராவைத் தூக்கும்போது, உங்களைத் தெரிந்த ஒருவர் எதிரே நிற்பார். நல்ல மூலையை அவரே கூப்பிட்டுக் காட்டுவார், நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. திட்டத்தில் ஒரு நாள்தான் உபரி இருக்கிறதென்றால், அதைப் பாங்காங் ஏரிக்குக் கொடுக்காமல் இங்கே கொடுங்கள்.

எல்லோரும் எடுக்கும் அந்த முழுக்காட்சிப் படம் எங்கிருந்து கிடைக்கும்?

பாதை கடைசியாக வளைந்து கோம்பா முதன்முதலில் முழுதாகத் தெரியும் இடத்திலிருந்து. வழியில் ஸ்தூபிகள் நிற்கும், முன்னணியில் அவற்றை வைத்து எடுப்பவர்கள் அதிகம். நீங்களும் எடுங்கள், அழகான கோணம்தான். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

அந்தப் படத்தில் கட்டடம் இருக்கும், உயரம் இருக்காது. உயரம் தெரிய வேண்டுமானால் படிக்கட்டில் ஒரு மனிதர் ஏறும்வரை காத்திருங்கள். செந்நிற அங்கி அந்த வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ஒரு புள்ளியாகத் தெரியும்போதுதான் குகை வாய் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்குப் புரியும். அதேபோல் கோம்பாவுக்குள் ஏறி, கூரை விளிம்பிலிருந்து கீழே ஆற்றைப் பார்த்து எடுங்கள். அங்கே வாழ்பவர் தினமும் காணும் காட்சி அது, எடுப்பவர்கள்தான் குறைவு. கூரைகள் மண்ணால் ஆனவை, அனுமதி கேட்டு, சொன்ன இடத்தில் மட்டும் கால் வையுங்கள்.

வெள்ளைச் சுவர் வெளுத்துவிடுகிறது, குகை கறுத்துவிடுகிறது. என்ன செய்வது?

புக்தாலில் எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. கண்ணுக்கு இரண்டும் தெரியும், சென்சாருக்குத் தெரியாது. சுண்ணாம்புச் சுவரின் விவரம் போய்விட்டால் திரும்பக் கிடைக்காது, நிழலை ஓரளவு மீட்கலாம். ஆகவே சுவருக்கு ஏற்றபடி எக்ஸ்போஷரை வையுங்கள், ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் வடிவம்) எடுங்கள், ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரைபாட் இருந்தால் மூன்று எக்ஸ்போஷர்களாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இதைவிடச் சிறந்த வழி, வெயில் நேராக விழாத நேரத்தில் எடுப்பது. கோம்பா நிழலில் இருந்து எதிர்மலை மட்டும் வெயிலில் இருக்கும்போது, அந்த மலைச்சரிவிலிருந்து திரும்பி வரும் மென்மையான ஒளி குகைக்குள்ளும் புகுகிறது. சுவருக்கும் குகைக்கும் வேறுபாடு குறைகிறது. பூச்சு உதிர்ந்த இடங்களும், சன்னலைச் சுற்றிய கறுப்புப் பட்டையும், சாணமும் விறகும் அடுக்கிய மாடமும் அந்த ஒளியில்தான் தெளிவாகத் தெரியும். ஆழமான பள்ளத்தாக்கு என்பதால் வெயில் வரும் நேரமும் போகும் நேரமும் மாதத்துக்கு மாதம் மாறும். முந்தைய நாள் மாலையே பிக்குகளிடம் கேட்டுவிடுங்கள், அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

எந்த லென்ஸ்? செல்பேசி போதாதா?

24 முதல் 70 மில்லிமீட்டர் வரையிலான ஒரு லென்ஸ் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். எடை தாங்க முடிந்தால் 70 முதல் 200 வரை ஒன்று, படிக்கட்டில் ஏறும் மனிதருக்காகவும் மேலே நிற்கும் ஜூனிப்பருக்காகவும். போலரைசர் என்ற வடிகட்டியை அகல லென்ஸில் போட்டால் அந்த உயரத்து வானம் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுக்கும், தவிர்க்கவும். செல்பேசி தாராளமாகப் போதும். சுவர், குகைச் சிக்கலை நல்ல செல்பேசிகள் தாமே சமாளித்துக்கொள்கின்றன.

பேட்டரிகள் குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரவில் அவற்றைத் தூங்கும் பைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தை நம்பாமல் பவர் பேங்க் கொண்டுபோங்கள். லென்ஸ் மாற்றுவதைக் காற்றில்லாத இடத்தில் செய்யுங்கள், தூசு மிக நுண்ணியது.

உள்ளே படம் எடுக்கலாமா? பிக்குகளை எடுக்கலாமா?

வழிபாட்டு அறைகளில் பழைய சுவரோவியங்களும் நூல்களும் இருக்கின்றன. ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக அனுமதி கேளுங்கள். ஓரிடத்தில் சரி என்றால் எல்லா இடத்திலும் சரி என்று பொருளில்லை. ஃபிளாஷ் எங்குமே கூடாது. காவல் தெய்வங்களின் அறைக்குள் நுழைவதே சில நேரம் தடை, வற்புறுத்தாதீர்கள்.

காலை வழிபாட்டில் உட்கார அனுமதி கிடைத்தால், கதவோரச் சுவரை ஒட்டி அமருங்கள், கேமராவைப் பைக்குள் வையுங்கள். நம் ஊர்க் கோயில் கருவறை முன்னால் ஒருவர் டிரைபாடை விரித்தால் நமக்கு எப்படி இருக்கும்? முரசும் நீண்ட ஊதுகொம்பும் அந்தத் தாழ்ந்த கூரைக்கடியில் ஒலிப்பதை நெஞ்சில் உணர்வீர்கள். அதைப் படத்தில் கொண்டுவர முடியாது.

இளம் பிக்குகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். மடாலயம் 1993 முதல் பள்ளி நடத்திவருகிறது. ஆசிரியரிடம் கேட்காமல் குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள். இன்னொருமுறை ஓடு, சிரி என்று நடிக்கச் சொல்லாதீர்கள். மிட்டாய்க்கும் பணத்துக்கும் முகம் காட்டப் பழக்கிவிட்டால், அந்தப் பழக்கத்தின் சுமையைப் பிறகு சுமப்பவர்கள் அவர்கள்தான்.

வேறு என்ன நடைமுறைகளைக் கவனிக்க வேண்டும்?

நமக்குப் பழகியவைதான். செருப்பைக் கழற்றுங்கள், தொப்பியையும். ஸ்தூபியையும் மந்திரம் செதுக்கிய கற்சுவரையும் வலப்புறம் வைத்துக் கடந்து போங்கள். தோளும் முழங்காலும் மூடும் உடை. யாரைக் கண்டாலும் ‘ஜூலே’ என்று வணக்கம் சொல்லுங்கள், பதிலுக்கு முகம் மலரும். குகைச் சுனையில் பாட்டிலை நேராக முக்காதீர்கள். கொண்டுபோன நெகிழிப் பொருள் ஒவ்வொன்றையும் பதும்வரை திருப்பி எடுத்து வாருங்கள், மடாலயத்துக்குக் குப்பை வண்டி வராது.

ட்ரோன் பறக்கவிடலாமா?

வேண்டாம். லடாக் எல்லைப் பகுதி, முன்அனுமதி இல்லாமல் பறக்கவிடுவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். அனுமதி இருந்தாலும், தியானத்துக்கென்று தேர்ந்தெடுத்த குகையின் வாசலில் அந்த இரைச்சல் தகாது.

இரவு வானத்தை எடுக்க முடியுமா?

அற்புதமாக. அமாவாசையை ஒட்டிய நாட்களைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 3,200, துளை 2.8, பதினைந்து நொடி என்று தொடங்கி மாற்றிக்கொள்ளுங்கள். சுவர்களை ஒளியூட்ட டார்ச் அடிக்காதீர்கள், சன்னலுக்குப் பின்னால் ஆட்கள் தூங்குகிறார்கள். ஒரு சன்னலில் விளக்கு எரிந்தால் அதுவே போதும். பாதையோரம் எங்கே நிற்பது என்பதைப் பகலிலேயே முடிவு செய்துவிடுங்கள், இருட்டில் அந்தப் பாதையில் நகரக்கூடாது.

பணம், சிக்னல், சாப்பாடு?

பதுமில் ஏடிஎம் இருக்கிறது, ஆனால் அதை நம்பிப் போகக்கூடாது. லேயிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதிலும் பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாமல்தான் பெரும்பகுதி நடப்பீர்கள், வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சோறு, பருப்பு, துக்பா என்ற நூடுல்ஸ் சூப், வெண்ணெயும் உப்பும் சேர்த்த தேநீர், வறுத்த பார்லி மாவு கிடைக்கும். சைவ உணவுக்காரர்களுக்குச் சிரமமில்லை.

அங்கே ஒரு ஐரோப்பியரின் நினைவுக்கல் இருக்கிறதாமே?

ஹங்கேரியர் சோமா தெ கொரோஷின் நினைவுக்கல் அது. தம் இனத்தின் பூர்வீகத்தைத் தேடி ஆசியாவுக்குக் கிளம்பியவர், திபெத்திய மொழியில் ஆழ்ந்துபோனார். ஜான்ஸ்கரின் சங்லாவில் குளிர்காலம் முழுக்கப் படித்தபின், 1825, 1826 ஆண்டுகளில் புக்தாலில் தங்கி லாமா ஒருவரிடம் பாடம் கேட்டார். அந்த உழைப்பில் உருவான திபெத்திய ஆங்கில அகராதி 1834-இல் கல்கத்தாவில் அச்சானது. 1842-இல் டார்ஜிலிங்கில் இறந்தார். அந்தக் கல்லின் முன்னால் சற்று நேரம் நில்லுங்கள். சாலையும் பாலமும் இல்லாத காலத்தில் இந்தக் குளிரில் உட்கார்ந்து ஒருவர் சொல் சொல்லாகத் தொகுத்திருக்கிறார்.

எடுத்த படங்களை அவர்களுக்குக் கொடுக்க வேண்டுமா?

கட்டாயம். திரையில் காட்டினால் சிரிப்பார்கள், அத்தோடு போய்விடும். யாரை எடுத்தீர்களோ அவரது பெயரையும் ஊரையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பியதும் அச்சிட்டு, லேமினேட் செய்யாமல் கெட்டித்தாளில் வைத்து, அடுத்த பருவத்தில் அந்தப் பக்கம் போகும் நண்பரிடமோ பதுமில் நீங்கள் தங்கிய விடுதிக்காரரிடமோ கொடுத்தனுப்புங்கள். குழுவாக எடுத்த படமென்றால், படத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.